பம்பரில் ஒரு தட்டிப்பு

வாகனக் காப்பீட்டுப் பத்திரத்தின் முதல் நிபந்தனை இது: விபத்து நேர்ந்தால் உடனே எழுத்து மூலம் நிறுவனத்துக்குத் தெரிவிக்க வேண்டும், நிறுவனத்தின் சம்மதம் இல்லாமல் யாரிடமும் பொறுப்பை ஒப்புக்கொள்ளவோ சமரசம் பேசவோ கூடாது. இதை முழுதாகப் படித்தவர்கள் நாட்டில் இரண்டு பேர் இருக்கலாம். ஒருவர் அதை எழுதியவர். இன்னொருவன் நான். அவர் எப்படி இருக்கிறாரோ தெரியாது. எனக்கு அதனால் நன்மை ஒன்றும் விளையவில்லை.

டெல்லியில் முப்பத்தாறு ஆண்டுகள் தணிக்கைத் துறையில் இருந்தேன். அடுத்தவர் எழுதியதில் பிழை கண்டுபிடிப்பதற்குச் சம்பளம் வாங்கியவன். பிறந்தது திருநெல்வேலி. ஓய்வு பெற்றதும் திருவனந்தபுரம் கரமனையில், மனைவி லலிதாவுக்குப் பிறந்த வீட்டு வழியில் வந்த வீட்டில் குடியேறினேன். அறுபது வயதில் பாலபாடப் புத்தகத்தை வைத்துக்கொண்டு மலையாளம் எழுதக் கற்றேன். ("எழுத்தெல்லாம் மணி மணியா இருக்கு. என்ன எழுதியிருக்குங்கறதுதான் யாருக்கும் தெரியலை" என்பாள் லலிதா. அவள் இங்கேயே படித்து வளர்ந்தவள்.)

பக்கத்து வீட்டுக்காரர் சசிதரன் சார். பள்ளியில் மலையாள ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். எங்கள் தெருவின் குடியிருப்போர் சங்கத்துக்குப் பல வருடங்களாகப் பொருளாளர். தினமும் காலை ஆறு மணிக்கு அவர் என் வீட்டு வாசலில் செருமுவார். இருவரும் ஆற்றங்கரை வரை நடந்துவிட்டு வருவோம். ஆறு ஆண்டுகளாக இதுதான் வழக்கம். இந்த ஊரில் எனக்கென்று இருந்த சிநேகிதர் அவர் ஒருவர்தான் என்று அப்போது நான் கணக்கெடுத்துப் பார்க்கவில்லை.

சித்திரை விஷு கழிந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் அவர் மனைவியுடன் கோவிலுக்குப் புறப்பட்டு, காரைப் பின்னால் எடுத்தார். வாசலில் நின்ற என் காரின் பின்பக்க பம்பர், இடது மூலையில் விரிந்து, கீழே தொங்கியது. சத்தம்கூடப் பெரிதாக இல்லை. தேங்காயைத் தரையில் வைத்தது போல இருந்தது.

சசிதரன் சார் ஓடி வந்தார். "ஐயோ சாமீ! கண்ணாடியில கண்டதே இல்ல. தப்பு என்னோடதாக்கும். வர்க்‌ஷாப்பில கொடுங்க. எத்தர ஆனாலும் நான் கொடுத்தோளாம்."

"சார், நீங்க இப்ப சொன்னது எதுவும் என் காதுல விழலை."

"உரக்கச் சொல்லணுமா?"

"சொல்லவே கூடாது. கம்பெனி சம்மதம் இல்லாம பொறுப்பை ஒப்புக்கப்படாது. உங்க பத்திரத்திலயும் இது இருக்கும். எடுத்துப் பாருங்கோ."

லலிதா திகைத்துப்போய் என்னைப் பார்த்தாள். "ஏன்னா, அவர்தான் சரி பண்ணித் தரேங்கறாரே. அதோட விட்டா ஆகாதா?"

ஆகாது என்றேன். வர்க்‌ஷாப்பில் இருந்த தென்காசிக்காரரும் அதையே வேறு விதமாகச் சொன்னார். "சார், ஒட்டி பெயின்ட் அடிச்சா சாயங்காலம் வண்டிய எடுத்துட்டுப் போயிரலாம்." கம்பெனி ஆள் வந்து பார்க்கும் வரை ஒருவரும் தொடக்கூடாது என்றேன். அவர் ஒரு நீல நிற நைலான் கயிற்றால் பம்பரைக் கட்டி அனுப்பினார். மாட்டைக் கட்டுவது போன்ற முடிச்சு.

அன்றே மனு எழுத உட்கார்ந்தேன். ஆங்கிலத்தில் எழுதியிருக்கலாம். என் கை ஆங்கிலத்தில் எழுதியே தேய்ந்த கை. ஆனால் படிவத்தின் அடியில் 'மலையாளத்திலும் எழுதலாம்' என்று ஒரு வரி இருந்தது. அது எனக்காகவே அச்சடித்தது என்று பட்டது.

காரைக் காரால் தட்டுவதற்குப் பெயர்ச்சொல் வேண்டும். இலக்கணப்படி யோசித்தேன். நடித்தால் நடிப்பு. படித்தால் படிப்பு. ஆகவே தட்டினால் தட்டிப்பு. சொல் கம்பீரமாக இருந்தது. அந்தச் சொல்லுக்கு மலையாளத்தில் ஏற்கெனவே வேறொரு வேலை கொடுத்திருக்கிறார்கள் என்பது எனக்குத் தெரியாது.

"ஒரு தடவை வாசிச்சுக் காட்டுங்கோளேன்" என்றாள் லலிதா. தணிக்கைக்காரனைத் தணிக்கை செய்வதா என்று மறுத்தேன். சசிதரன் சாரிடம் காட்டலாமே என்றாள். அவர் எதிர்த்தரப்பு, காட்டுவது முறையல்ல என்றேன். மலையாள ஆசிரியர் ஒருவர் பத்தடி தூரத்தில் செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார்.

மனுவின் தலைப்பு: 'ஸ்ரீ சசிதரன் என்னிடம் நடத்திய தட்டிப்பு குறித்து.' நியாயமாக நடக்க வேண்டும் என்பதற்காக, ஆறு ஆண்டுப் பழக்கத்தில் இது அவருடைய முதல் தட்டிப்பு என்றும் சேர்த்தேன். காப்பீட்டு நிறுவனத்துக்கு அசல். போலீஸ் ஸ்டேஷனுக்கு ஒரு நகல். விபத்து நடந்தது சங்கத்தின் தெரு என்பதால் சங்கச் செயலாளருக்கும் தகவலுக்காக ஒரு நகல். (நகல் அனுப்புவது ஒரு வியாதி. ஓய்வு பெற்றாலும் குணமாவதில்லை.)

மறுநாள் காலை ஆறு மணிக்குச் செருமல் கேட்டது. அடுத்த நாளும் கேட்டது. அதற்கடுத்த நாள் கேட்கவில்லை. சளி சரியாகிவிட்டது போலிருக்கிறது என்று லலிதாவிடம் நகைச்சுவையாகச் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை. சங்கத்தில் பொருளாளரிடமிருந்து கணக்குப் புத்தகத்தைக் கேட்டு வாங்கிக்கொண்டுவிட்டதாகவும், அவர் பீரோ சாவியையும் சேர்த்துக் கொடுத்துவிட்டதாகவும் தெருவில் போன மீன்காரி அவளிடம் சொன்னாளாம். என்ன காரணம் என்று அவளுக்கும் தெரியவில்லை.

இரண்டு வாரம் கழித்து நிறுவனத்திலிருந்து விசாரணை அதிகாரி வந்தார். பம்பரை ஒரு பார்வை பார்த்தார். பிறகு நாற்காலியை எனக்கு நெருக்கமாக இழுத்துப் போட்டுக்கொண்டு குரலைத் தாழ்த்தினார். "சார், பயப்பட வேண்டா. இந்தத் தட்டிப்பு எங்ஙனயாணு நடந்தது?"

"பின்னாலேர்ந்து. நான் எதிர்பார்க்கவே இல்லை."

"அவர் ஒற்றைக்கா? கூட வேற ஆளு உண்டோ?"

"அவர் மனைவி உண்டு. பக்கத்துலயே உக்காந்திருந்தார்."

அதிகாரி தலையை ஆட்டிக் குறித்துக்கொண்டார். "இதுக்கு முன்ன வேற யாரையாவது?"

"எதிர் வீட்டு கேட்டை ஒரு தடவை. அது சின்னது. அவா பெரிசுபடுத்தலை."

காப்பியுடன் வந்த லலிதா அப்படியே நின்றுவிட்டாள். தட்டை மேஜை மேல் வைத்துவிட்டு, மனுவின் நகலைக் கேட்டு வாங்கிப் படித்தாள். படித்துவிட்டுத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"ஏன்னா, தட்டிப்புன்னா மோசடி. காசை ஏமாத்தறதுன்னு அர்த்தம். அந்த மனுஷர் உங்களை மோசடி பண்ணினார்னு ஊர் பூரா எழுதிக் கொடுத்திருக்கேளே!"

பல கோடி ரூபாய்க் கோப்புகளில் ஒரு காற்புள்ளி தவறியதைக் கண்டுபிடித்தவன் நான். அந்த நிமிடம் என் கையெழுத்தை நானே பார்க்கக் கூசினேன்.

அன்று மாலை அவர் வீட்டு கேட்டைத் திறந்தேன். சசிதரன் சார் வாசல்படியில் விறைப்பாக நின்றார். உள்ளே வாருங்கள் என்று சொல்லவில்லை.

"சார், அது ஒரு சொல் பிழை."

"சாமி, முப்பது வருஷம் இந்த பாஷையப் படிப்பிச்சேன். அதுலயே என்னைக் கள்ளன்னு எழுதியல்லோ." அவ்வளவுதான் சொன்னார். கதவை மெதுவாகச் சாத்தினார். அறைந்து சாத்தியிருந்தால் எனக்குச் சற்று ஆறுதலாக இருந்திருக்கும்.

ஒரு சொல்லைத் திரும்பப் பெறுவதற்கு எந்த அலுவலகத்திலும் படிவம் இல்லை. தட்டிப்பு எதுவும் நடக்கவில்லை என்று மூன்று இடத்துக்கும் வெள்ளைத்தாளில் எழுதிக் கொடுத்தேன். போலீஸ் ஸ்டேஷனில் என்னைக் கவனமாகப் பார்த்தார்கள். மிரட்டல் ஏதும் உண்டா என்று கேட்டார்கள். சங்கக் கூட்டத்தில் எழுந்து நின்று, நடிப்பு, படிப்பு, தட்டிப்பு என்று என் இலக்கணத்தை விளக்கினேன். கூட்டம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. சாவியை மறுபடி அவர் கையில் கொடுத்தார்கள். அவர் வாங்கிக்கொண்டார். அவர் மட்டும் சிரிக்கவில்லை.

காப்பீட்டு நிறுவனம் கோப்பை முடித்துவைத்தது. 'தட்டிப்பு எதுவும் நடக்கவில்லை என்று மனுதாரரே எழுத்து மூலம் ஒப்புக்கொண்டதால்' இழப்பீடு இல்லை. முறைப்படி அது சரியான உத்தரவு. தென்காசிக்காரருக்கு நானே பணம் கொடுத்தேன். அவர் சொன்னபடி, காலையில் விட்ட வண்டி சாயங்காலம் கிடைத்தது. நீலக் கயிற்றை லலிதா துணி உலர்த்தும் கொடியாகக் கட்டியிருக்கிறாள். பெங்களூரிலிருந்து மகள் தொலைபேசியில் அழைத்தால் இன்றும் முதல் கேள்வி இதுதான்: "அப்பா, இன்னிக்கு யாருக்காவது நகல் அனுப்பினேளா?"

ஆற்றங்கரைக்குத் தனியாகத்தான் போய்வந்தேன். இரண்டு மாதம் பொறுத்து, சசிதரன் சாருக்கு மலையாளத்தில் ஒரு மன்னிப்புக் கடிதம் எழுதினேன். நகல் யாருக்கும் இல்லை. இந்த முறை நானே லலிதாவிடம் நீட்டினேன். அவள் வாங்கவில்லை. "பிழையோடயே போகட்டும். நீங்கதான் எழுதினேள்னு அவருக்குத் தெரியணும்" என்றாள். அவருடைய தபால் பெட்டியில் போட்டுவிட்டு வந்தேன். இடவப்பாதி என்று இங்கே சொல்லும் தென்மேற்குப் பருவமழை வலுத்தது. கர்க்கடகம், அதாவது நம் ஆடி, முழுவதும் பெய்தது. பதில் இல்லை.

பிறகு ஒரு நாள் விடிகாலை என் தபால் பெட்டியில் ஒரு உறை இருந்தது. உள்ளே என்னுடைய அதே கடிதம். வரிக்கு வரி சிவப்பு மையில் திருத்தியிருந்தது. 'மன்னிப்பு' என்று நான் எழுதிய சொல்லை அடித்துவிட்டு, மேலே அழகான கையெழுத்தில் சரியான மலையாளச் சொல். ஓரத்தில் பத்துக்கு மூன்று மதிப்பெண். அதன் கீழே: 'எழுத்துப் பயிற்சி போதாது. நாளை முதல் நடக்கும்போது பாடம்.'

கீழே கையெழுத்தும், பள்ளி வழக்கப்படி தேதியும் போட்டிருந்தார்: மலையாள ஆண்டுப் பிறப்பு, சிங்ஙம் ஒன்று.