தார்சோனோவின் ஞாயிற்றுக்கிழமை நடை

“இன்னைக்கு நானும் வர்றேன்” என்று மனைவி மூர்தினி ரப்பர் காலணியை மாட்டிக்கொண்டதும் தார்சோனோவுக்கு வேர்த்துவிட்டது.

உடம்பில் சர்க்கரை கூடியிருந்ததால் வாரம் ஒரு நாளாவது மலையேறச் சொல்லியிருந்தார் டாக்டர். ஏழு மாதமாக ஞாயிறுதோறும் காட்டுப்பாதையில் கணவாய் வரை போய்வருவதாக மனைவியிடம் சொல்லிவந்தார் தார்சோனோ. உண்மையில் அவர் போனது அடிவாரத்துக் கடை வரைக்கும்தான். அங்கே பொரித்த வாழைப்பழம் இரண்டு தட்டு, செய்தித்தாள், ஒரு குட்டித் தூக்கம். இத்தனைக்கும் பள்ளிக்கூடத்தில் அவர் புவியியல் ஆசிரியர்.

“அட்டை ஜாஸ்தி. கடிச்சா ரத்தம் நிக்காது.”

“ஏழு மாசமா உங்களைக் கடிக்கலையே?”

கடைக்காரி கூப்பிட்டுவிடுவாளோ என்று பயந்து, துண்டால் முகத்தை மூடிக்கொண்டு ஓட்டமும் நடையுமாகக் கடையைக் கடந்தார். பாதை என்னவோ சாதுவானதுதான். பைன் மரங்களுக்கு நடுவே சிறுகச் சிறுக ஏறிக்கொண்டு போனது. ஆனால் கால் மணி நேரத்தில் அவருக்கு மூச்சு இரைத்தது.

“எப்பவும் இவ்வளவு வேகமாவா போவீங்க?”

“நீ வந்திருக்கேன்னு மெதுவா போறேன்” என்று சொல்லித் தொலைத்தார். அதன்பிறகு உட்காரவும் வழியில்லாமல் போயிற்று.

பாதை இரண்டாகப் பிரிந்தது. நின்று யோசித்தால் குட்டு உடைந்துவிடும். “இடது பக்கம் குறுக்குவழி” என்றார், வகுப்பில் பாடம் நடத்துகிற குரலில். குறுக்குவழி ஒரு முட்டைக்கோஸ் தோட்டத்தில் போய் முடிந்தது. தோட்டத்து நாய் இருவரையும் பழைய இடம் வரை துரத்திக்கொண்டு வந்து விட்டுவிட்டுப் போனது.

“போன வாரம் இங்க தோட்டமே இல்லையே!”

“ஒரே வாரத்துல நல்லா விளைஞ்சிருக்கு” என்றாள் மூர்தினி, சிரிக்காமல்.

புல்லுக்கட்டோடு இறங்கிவந்த ஒருத்தியிடம், மனைவிக்குக் கேட்காத குரலில், “இன்னும் எவ்வளவு தூரம்மா?” என்றார்.

“ஊருக்குப் புதுசா?” என்று அவள் மலைக்கே கேட்கும்படி திருப்பிக் கேட்டாள்.

மூர்தினி தண்ணீர் பாட்டிலை நீட்டினாள். வசை விழுந்திருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது அவருக்கு.

கடைசி ஏற்றத்தில் மேகம் இறங்கியிருந்தது. ஈரப் பாசி மணத்தது. இருபத்தெட்டு வருஷமாக மலையைக் கரும்பலகையில் வரைந்து காட்டியவர் இன்றைக்குத்தான் அதற்குள் வந்து நிற்கிறார். இத்தனை வாரம் இதை விட்டோமே என்றிருந்தது. அவளிடம் பொய் சொன்னது அதைவிட உறுத்தியது. மேலே போனதும் சொல்லிவிடுவது என்று முடிவு செய்தார்.

கணவாயில் ஒரு தகரக் கொட்டகை. அதில் இஞ்சி டீ விற்கும் பெரியவர். மறுபக்கச் சரிவில் மூர்தினியின் தங்கை ஊர் தெரிந்தது. ஞாயிறுதோறும் அவர் வீட்டைவிட்டுக் கிளம்பியதும் அவள் பஸ் பிடித்துப் போகிற ஊர்.

“மூர்தினி, உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்...”

அதற்குள் பெரியவர் இரண்டு குவளைகளை எடுத்து வைத்துவிட்டு, முகமெல்லாம் சிரிப்பாகக் கேட்டார்:

“வாங்கம்மா! ஏழு மாசமா ஞாயித்துக்கிழமை தவறாம அந்தப் பக்கமா ஏறிவந்து, ‘எங்க வீட்டுக்காரர் இப்ப வந்துருவார்’னு சாயங்காலம் வரைக்கும் உக்காந்திருப்பீங்களே, அது இவர்தானா?”