அவள் மாட்டினாள், நான் மாட்டினேன்

எங்கள் வீட்டில் 'புது டிவி' என்ற பேச்சுக்கே தடை. தடை போட்டவள் என் மனைவி. எலெக்ட்ரீஷியன். தெருவுக்கே வெளிச்சம் கொடுப்பவள். நான் அச்சகத்தில் பிழை திருத்துபவன். ஒரு சொல்லுக்குள் இன்னொரு அர்த்தம் எங்கே பதுங்கியிருக்கும் என்று எனக்கு அத்துப்படி. அந்த வித்தையை வீட்டிலும் காட்டிவிடுவது என்று தீர்மானித்தேன்.

ஹால் ஜன்னலுக்கு ஒரு மறைப்பு வேண்டும் என்று அவள் நச்சரித்துக்கொண்டிருந்த நேரம். குரலில் தேன் தடவிக்கொண்டேன்.

"ஹாலுக்கு ஒரு பெரிய திரையா வாங்கிடலாமா?"

"அட, நீங்களா கேக்கறீங்க? தாராளமா வாங்குங்க. நானே மாட்டிடறேன்."

"அப்புறம் பேச்சு மாறக் கூடாது."

"மாற மாட்டேன்."

மறுநாள் காலையில் வந்து இறங்கியது, பாதிச் சுவரை அடைக்கும் டிவி. அன்று சாயங்காலம் கிரிக்கெட் இறுதி ஆட்டம்!

அட்டைப்பெட்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்தாள். "இதுவா திரை?"

"சின்னத்திரை. அதிலே பெரிசு."

கத்துவாள் என்று காதைத் தயாராக வைத்திருந்தேன். "சரிதான். திரைன்னா திரைதான்" என்று ட்ரில்லை எடுத்தாள். ஜெயித்த தெம்போடு அச்சகம் போனேன்.

சாயங்காலம் திரும்பினால் வாசலில் கூட்டம். எங்கள் ஜன்னல் கண்ணாடிக்குப் பின்னால், தெருவைப் பார்த்தபடி ஆட்டம் ஓடிக்கொண்டிருந்தது. நான் உள்ளே ஓடினேன். டிவியின் முதுகு என்னை வரவேற்றது. என்ன நேர்த்தி! ஒரு ஒயர் துருத்தவில்லை, ஒரு இம்மி சாயவில்லை. திருத்தப் பிழையே இல்லை.

"என்னடி இது? படம் தெருவுல, சத்தம் வீட்டுலயா?"

"உங்களுக்குச் சேனல் முக்கியம். எனக்கு ஜன்னல் முக்கியம். ரெண்டும் ஆச்சே!"

"மரியாதையா திருப்பி மாட்டு!"

"திருப்பித்தானே மாட்டியிருக்கேன்?"

"உனக்கு ரொம்பத்தான் துணிச்சல்!"

"நான் கேட்டது துணி. துணிஞ்சது நீங்க."

சொற்களோடு குடும்பம் நடத்துபவன் நான். அவையோ அவள் பேச்சைத்தான் கேட்கின்றன!

"நாளைக்கே துணி வாங்கித் தர்றேன், தாயே. இப்போ மாத்திடேன்."

"துணி வரட்டும். மாத்தறேன்."

தெருவில் 'ஓ'வென்று ஆரவாரம். யார் ஜெயிக்கிறார்கள்? பதறியடித்து வெளியே ஓடி, ஜன்னலோடு ஒட்டி நின்றேன். சொந்த நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த எதிர்வீட்டுக்காரர் குரல் கொடுத்தார்.

"சார், வீட்டுல சத்தத்தைக் கொஞ்சம் கூட்டி வைக்கச் சொல்லுங்க. அப்படியே நீங்களும் உட்காருங்க, மறைக்குது!"