மேல் துருக்காரர்

ராயபுரத்தில் தொடங்கி எண்ணூர் முகத்துவாரம் வரைக்கும், உப்புக் காற்று எட்டுகிற தூரத்துக்குள் ஓர் இனம் வாழ்ந்துவருகிறது. அதற்கு மேல் துருக்காரர் என்று பெயர் வைத்திருக்கிறேன். அடையாளம் காண்பது சுலபம். பதினைந்து வயதுக்குக் குறையாத பெரிய வண்டி ஒன்று அவரிடம் இருக்கும். ஏழு பேர் உட்காரலாம், ஒன்பது பேர் உட்காருவார்கள். அதன் அடிப்பக்கத்தில் எங்கே துருவைக் காட்டினாலும் குனிந்துகூடப் பார்க்காமல், "அது வெறும் மேல் துருதாம்பா" என்பார். சொல்லிவிட்டு நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு டீக்கடைப் பக்கம் நடந்துவிடுவார்.

இதெல்லாம் உனக்கு எப்படித் தெரியும் என்கிறீர்களா? அந்த இனத்தில் ஒருவரை எனக்கு மிக நெருக்கமாகத் தெரியும். தினமும் காலையில் அவருக்கு நான்தான் சவரம் செய்துவிடுகிறேன்.

மேல் துருக்காரரின் ஞாயிற்றுக்கிழமையைப் பாருங்கள். மனைவி வரிசையில் நின்று குடத்தில் பிடித்துவைத்த மெட்ரோ தண்ணீரை எடுத்துக்கொண்டு, பழைய பனியனை முக்கி, பானெட்டைத் துடைத்து, கண்ணாடியைத் துடைத்து, கதவுப் பிடிகளை ஒவ்வொன்றாகத் துடைத்து, பின்னால் தொங்குகிற ஸ்டெப்னி உறையைக்கூட விடாமல் துடைத்து, கடைசியில் நான்கடி தள்ளி நின்று தலையைச் சாய்த்துப் பார்த்துவிட்டு, மறுபடியும் பானெட்டைத் துடைப்பார். அடிப்பக்கம்? அதற்கு ஒரு சொட்டுத் தண்ணீர் கிடையாது. கன்டெய்னர் லாரிகள் வாரியடிக்கிற சேறும், அனல் மின் நிலையத்துச் சாம்பலும், மழைக்காலத்தில் தெருவில் முழங்கால் அளவு நிற்கிற தண்ணீரும் அதற்குப் போதும் என்று விட்டுவிடுவார். கீழே யார் எட்டிப் பார்க்கப்போகிறார்கள்?

பிறகு பரிசோதனை நடக்கும். நடுவிரலை மடக்கி, கதவில் ஒரு தட்டு. டொங்.

"கேட்டியா சத்தத்த? பழைய இரும்பு. இப்ப வர்றதெல்லாம் தகர டப்பா" என்பார், பக்கத்தில் யாராவது நின்றால். யாரும் நிற்காவிட்டாலும் சொல்வார். கதவைத் தட்டிப் பார்த்து அடிச்சட்டத்தின் ஆரோக்கியத்தை எப்படிக் கண்டுபிடிக்கிறார் என்று இதுவரை யாரும் அவரைக் கேட்டதில்லை. கேட்டிருந்தால் அவருக்குக் கோபம் வந்திருக்கும்.

நம்முடைய ஆளின் பெயர் பக்தவச்சலம், ஊர் திருவொற்றியூர். வயிற்றுப்பிழைப்புக்கு என்ன செய்கிறார் என்று சொன்னால் சிரிப்பீர்கள். காலிக் கன்டெய்னர்களை அடுக்கிவைக்கிற யார்டு ஒன்றில் துருப் பார்க்கிற வேலை. ஆமாம், துருப் பார்க்கிற வேலைதான். பெட்டிக்குள் நுழைந்து, கதவை வெளியிலிருந்து சாத்தச் சொல்லி, கும்மிருட்டில் நின்று கூரையையும் சுவரையும் சுற்றிச் சுற்றிப் பார்ப்பார். ஊசி முனை அளவு வெளிச்சம் தெரிந்தாலும் அந்தப் பெட்டி கப்பலேறாது. "சார், மேல் துருதான் சார், வுட்டுடு சார்" என்று லாரிக்காரர் கெஞ்சுவார். "துருவுல இன்னாய்யா மேல் துரு, கீழ் துரு? ரிஜெக்ட்!" என்று எழுதித் தள்ளிவிட்டு, சாயங்காலம் தன் வண்டியில் ஏறி வீட்டுக்கு வருவார். வருகிற வழியில் வண்டிக்கு அடியிலிருந்து ஏதோ கறகறவென்று சத்தம் வரும். ரேடியோவைக் கொஞ்சம் சத்தமாக வைத்துக்கொள்வார்.

இனி அவரை அவர் என்று சொல்லிக்கொண்டிருப்பதில் அர்த்தமில்லை. நான் என்றே சொல்லிவிடுகிறேன்.

துறைமுகத்தை ஒட்டி வாழ்கிற மேல் துருக்காரருக்கு மற்ற ஊர்க்காரருக்கு இல்லாத ஒரு நம்பிக்கை உண்டு. அதன் பெயர் கப்பல் பெயிண்ட். வருடக்கணக்காகக் கடலில் மிதக்கிற கப்பலையே காப்பாற்றுகிற பெயிண்ட், தெருவில் நிற்கிற என் வண்டியைக் காப்பாற்றாதா? போன தீபாவளிக்கு முன்னால் ராயபுரத்தில் ஒரு பழைய சாமான் கடையில் கறுப்பு டப்பா ஒன்றைப் பிடித்தேன். வண்டிக்கு அடியில் கோணியை விரித்துப் படுத்து, துருவின் மேல், சேற்றின் மேல், சிலந்தி வலையின் மேல், பாரபட்சமில்லாமல் பூசினேன். பூசிக்கொண்டே போனபோது சட்டத்தின் அடியில் வரிசையாகச் சில ஓட்டைகள் கண்ணில் பட்டன. அடடா, துரு தின்றுவிட்டதே என்று பதறிப்போய், எம்-சீல் வாங்கி வந்து பிசைந்து, பன்னிரண்டு ஓட்டைகளையும் அடைத்து, அதன் மேலும் பெயிண்ட் அடித்தேன். ஒரு மாதம் தெருவில் எல்லோரிடமும் இதையே பேசிக்கொண்டிருந்தேன்.

இப்படி நிம்மதியாகப் போய்க்கொண்டிருந்த வாழ்க்கையில் என் மகள் செங்கொடிக்குத் தூத்துக்குடியில் வேலை கிடைத்தது. "வண்டிய நீயே எடுத்துகினு போ" என்று சொல்லிவிட்டேன். மகளுக்கு அப்பன் கொடுக்கிற சீதனம் மாதிரி ஒரு பெருமை எனக்கு. அவளும் சந்தோஷப்பட்டாள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை தனியாக ஓட்டிக்கொண்டு கிளம்புவதாக ஏற்பாடு. அறுநூறு கிலோமீட்டர்.

என் மனைவி யசோதராதான் குறுக்கே நின்றாள்.

"மொதல்ல சௌக்கத் பாய்கிட்ட காட்டு. அப்பறம் புள்ளகிட்ட சாவியக் குடு."

"என் வண்டியப் பத்தி எனக்குத் தெரியாதா?"

"உனக்கு மேல தெரியும். கீழ எப்பனா பாத்துகிறியா?"

"பாக்காமயா பெயிண்ட் அடிச்சேன்?"

அவள் சாவியை எடுத்து அரிசி டப்பாவுக்குள் போட்டு மூடினாள். பதினெட்டு வருடம் பழகிய வண்டியைச் சந்தேகப்படுகிறாளே என்று எனக்கு வந்த கோபத்தில் இரண்டு வேளை சரியாகச் சாப்பிடவில்லை.

சௌக்கத் அலி தண்டையார்பேட்டையில் ஷெட் போட்டிருக்கிறார். முப்பது வருடமாக வண்டிகளின் அடிப்பக்கத்தையே பார்த்துவருபவர். மேல் துருக்காரர் மெக்கானிக்கிடம் போவது சோதித்துப் பார்க்க இல்லை என்பதைக் கவனியுங்கள். நற்சான்றிதழ் வாங்கத்தான் போவார். நானும் அப்படித்தான் செங்கொடியைக் கூட்டிக்கொண்டு போய், "பாய், சும்மா ஒரு பார்வை பாருங்க. வூட்ல அவங்க திருப்திக்கு" என்றேன்.

அடியில் நின்று பார்ப்பதற்காக ஷெட்டில் வெட்டிவைத்திருந்த பள்ளத்தின் மேல் வண்டியை நிறுத்தினோம். பாய் ஒரு பழைய ஸ்க்ரூடிரைவரை எடுத்துக்கொண்டு உள்ளே இறங்கினார்.

"பாய், குத்தாதீங்க. பெயிண்ட் போய்டும்."

"பெயிண்ட் ஷோக்கா கீது நைனா" என்றது பள்ளத்திலிருந்து குரல். எனக்குச் சிரிப்பு வந்தது. மகளைப் பார்த்தேன், கேட்டாயா என்பதுபோல.

அடுத்து ஒரு சத்தம். டொங் இல்லை. அப்பளம் நொறுங்குகிற சத்தம். ஸ்க்ரூடிரைவர் கைப்பிடி வரைக்கும் உள்ளே போய்விட்டது என்று பிறகு தெரிந்துகொண்டேன். அதைத் தொடர்ந்து தண்ணீர் கொட்டுகிற சத்தமும், பாய் உருது கலந்து யாரையோ வாழ்த்துகிற சத்தமும் கேட்டன. சட்டையெல்லாம் செங்காவியாக மேலே வந்தார்.

"சட்டத்துக்குள்ள குளமே கட்டி வெச்சிகிற. கலீஜு தண்ணி. தண்ணி வடியறதுக்குன்னே கம்பெனிக்காரன் கீழ ஓட்ட வுட்டுருப்பான். அத்தினியையும் எவனோ அடச்சி வெச்சிகிறான். எந்தப் பேமானி பாத்த வேல இது?"

கேள்வி நியாயமானதுதான். பதிலும் என்னிடம் இருந்தது.

"பழைய மெக்கானிக் எவனாச்சும் பண்ணிருப்பான் பாய்" என்றேன்.

"அப்பா" என்றாள் செங்கொடி. "நீதானே படுத்துகினு அடச்ச? நான்தானே டார்ச் புடிச்சேன்?"

பாய் என்னைப் பார்த்தார். பிறகு மரியாதைக்காகக் கூரையைப் பார்த்தார். பெற்ற பிள்ளைகளுக்கு ஞாபகசக்தி நன்றாக இருக்க வேண்டும் என்று சின்ன வயதில் வல்லாரைக் கீரை செய்து கொடுக்கச் சொன்னவன் நான்தான்.

ஆனால் விஷயம் அதோடு முடியவில்லை. பாய் என் கையைப் பிடித்துப் பள்ளத்துக்குள் இறக்கினார். பதினெட்டு வருடத்தில் முதன்முறையாக என் வண்டியை அடியிலிருந்து நின்றுகொண்டு பார்த்தேன். கறுப்புப் பெயிண்ட் பாளம் பாளமாக உப்பிக் கிடந்தது. பின்சக்கரத்தைத் தாங்குகிற வில் பட்டையைச் சட்டத்தோடு பிடித்துக்கொண்டிருக்கிற இடத்தை விரலால் லேசாக உரித்தார். இரும்பு ஏடு ஏடாக வந்தது.

"இது எத்தினி நாள் தாங்கும் பாய்?"

"ராயபுரம் போய் மீன் வாங்கினு வர வரைக்கும் தாங்கும். ஹைவேஸ்ல நூறுல போகசொல்ல புட்டுகிச்சின்னு வெய்யி, பின்சக்கரம் தனியா ஒரு பக்கம் இஸ்துகினு போய்டும். அப்பறம் ஸ்டேரிங் கைல இருந்து இன்னா பிரயோஜனம்?"

மேலே, பள்ளத்தின் விளிம்பில், மகளின் செருப்புக் கால் தெரிந்தது. எனக்குப் பயமாக இருந்தது. பயத்தை விட வெட்கம் பெரிதாக இருந்தது. ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை இந்தச் சாவியை அவள் கையில் கொடுத்து, கதவை ஒரு தட்டுத் தட்டி, டொங், போய்ட்டு வா கண்ணு என்று சொல்லியிருப்பேன். சொல்லிவிட்டுப் பெருமையாகத் தெருமுனை வரைக்கும் கையாட்டியிருப்பேன்.

இருந்தாலும் பாருங்கள், இனத்தின் குணம் போகுமா? மேலே ஏறி வந்ததும் என் வாய் தானாகச் சொன்னது: "அது சட்டம்தான் பாய். மேல பாடி கல்லு மாதிரி கீது."

செங்கொடி பின்சீட்டில் மடித்து வைத்திருந்த வண்டி உறையை எடுத்தாள். டிரைவர் சீட்டுக்கு முன்னால் கால் வைக்கிற இடத்தில் தரை விரிப்பை என்னை உரிக்க வைத்தாள். உட்காரச் சொன்னாள். கதவைச் சாத்தினாள். உறையை வண்டியின் மேல் முழுக்கப் போர்த்திவிட்டாள். உள்ளே கும்மிருட்டு.

"பாய், நீங்க பள்ளத்துல எறங்கி டார்ச் அடிங்க" என்ற குரல் கேட்டது. "அப்பா, உன் வேலதான். பாத்து சொல்லு."

குனிந்து பார்த்தேன். கிளட்சை மிதிக்கிற கால் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு புள்ளி. அதன் பக்கத்தில் இரண்டு. பிரேக் பக்கம் கொத்தாக நாலைந்து. கண் பழக்கப்பட்டதும் இன்னும் தெரிந்தன. பதினோரு வருடமாக அடுத்தவர் பெட்டிக்குள் நின்று இதைத்தான் தேடிக்கொண்டிருந்தேன்.

"தெரியுதாப்பா?"

"ரிஜெக்ட்" என்றேன். இருட்டாக இருந்தது நல்லதாகப் போயிற்று.

செங்கொடி ரயிலில் தூத்துக்குடி போனாள். வண்டி பாயின் ஷெட்டில் மூன்று வாரம் கிடந்தது. மக்கிய இடங்களை வெட்டி எடுத்துவிட்டுத் தடித்த தகடு வைத்துப் பற்றவைத்தார்; என் பன்னிரண்டு அடைப்புகளையும் தோண்டி எடுத்தார். கப்பலுக்குப் பெயிண்ட் அடித்தே ஓய்வு பெற்ற என் தோஸ்து ஸ்டானிஸ்லாஸ், விஷயம் கேள்விப்பட்டு ஷெட்டுக்கே வந்துவிட்டான்.

"மாமு, கப்பல்ல ஒரு நாள் பெயிண்ட் அடிக்க நாலு நாள் சொரண்டுவோம். நீ எத்தினி நாள் சொரண்டின?"

"தொடச்சேன்."

"தொடச்சியா?" என்று கேட்டுவிட்டு, அவன் பையிலிருந்து ஒரு சுரண்டியும் கம்பி பிரஷ்ஷும் எடுத்து என் கையில் கொடுத்தான். நாலு நாள் லீவு போட்டுப் பள்ளத்தில் நின்று சுரண்டினேன். இடுப்பு இன்னும் சரியாகவில்லை.

அடுத்த மாதம் செங்கொடி வந்து வண்டியை எடுத்துக்கொண்டு போனாள். கிளம்புவதற்கு முன் தெருவில் எல்லோரும் பார்க்க வண்டிக்கு அடியில் படுத்து, ஓட்டைகள் திறந்திருக்கின்றனவா என்று ஒவ்வொன்றாக எண்ணிப் பார்த்தாள். கதவைத் தட்டப் போன என் கையை யசோதரா பிடித்துக்கொண்டாள். மத்தியானம் திருச்சியிலிருந்து ஒரு போட்டோ வந்தது: பின்சக்கரத்துப் பட்டை. சாயங்காலம் தூத்துக்குடியிலிருந்து இன்னொன்று: அதே பட்டை. அவளுடைய முகம் இருக்கிற போட்டோ ஒன்றுகூட அனுப்பவில்லை. அந்தப் பட்டையையே நான் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

நான் திருந்திவிட்டேன் என்று நினைக்காதீர்கள். போன வாரம் மொட்டை மாடியில் துணி உலர்த்தப் போன யசோதரா, கைப்பிடிக் கம்பி ஆடுகிறது என்றாள். என் வாயிலிருந்து என்ன வந்தது என்று உங்களுக்கே தெரியும். அவள் சண்டை போடவில்லை. உள்ளே போய் ஸ்க்ரூடிரைவரை எடுத்து வந்து என் கையில் வைத்துவிட்டுத் துணியை உலர்த்தப் போய்விட்டாள்.

சிரிக்கிறீர்கள். தாராளமாகச் சிரியுங்கள். உங்களிடம் பழைய வண்டி இல்லாமல் இருக்கலாம். வாசல் கேட் இருக்கும், தண்ணீர்த் தொட்டியைத் தாங்குகிற கால் இருக்கும், பிள்ளைகள் சாய்ந்து நிற்கிற ஜன்னல் கம்பி இருக்கும். இதைப் படிக்கும்போதே, நம்முடையது அந்த அளவுக்கு இல்லை என்று மனதுக்குள் ஒரு குரல் சொன்னதே, அந்தக் குரலை எனக்கு நன்றாகத் தெரியும். பதினெட்டு வருடம் அதோடு குடித்தனம் செய்திருக்கிறேன். எழுந்து போய்ப் பாருங்கள். விரலால் மட்டும் தட்டாதீர்கள்.