இழுக்காது என்று நீ சொன்ன ஜெனரேட்டர்

அன்புத் தம்பிக்கு,

அக்கா எழுதிக்கொள்வது. இங்கே நான் சௌக்கியம். ஆஸ்பத்திரியில் உன் அத்தானும், இடது முழங்காலைத் தவிர, சௌக்கியம். அங்கே நீயும் உன் மனைவியும் பிள்ளைகளும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். மரியாதை முடிந்தது. இனி விஷயத்துக்கு வருகிறேன்.

சனிக்கிழமை காலை உன் அத்தானைச் சக்கர நாற்காலியில் வைத்து அனுப்பிவிடுகிறார்கள். நம் வாசலில் மூன்று படிகள். தச்சர் அடுத்த வாரம்தான் வருவாராம். கரண்டில் ஓடும் ரம்பத்தை மட்டும் இரவல் கொடுத்தார். தெருவில் கேபிள் மாற்றுகிறார்கள், மூன்று நாளாகக் கரண்ட் இல்லை. நானே ஒரு சாய்தளம் செய்துவிடலாம் என்று உனக்குப் போன் செய்தால் நீ என்ன சொன்னாய்? "அக்கா, நான் குடுத்தது குட்டி ஜெனரேட்டர். நாலு லைட்டு, ரெண்டு ஃபேன், அவ்வளவுதான். ரம்பத்தையெல்லாம் இழுக்காது. சும்மா இரு, ஞாயித்துக்கிழமை வந்து பார்க்கறேன்" என்றாய். அதுவரை உன் அத்தான் எங்கே இருப்பார், படிக்குக் கீழேயா? முப்பத்திரண்டு வருஷம் தொலைபேசி நிலையத்தில் ஊரார் பேச்சையெல்லாம் இணைத்துவிட்டவள் நான். எனக்கு ஒரு ரம்பத்தை இணைக்கத் தெரியாதா?

புகை வீட்டுக்குள் வரக்கூடாதென்று ஜெனரேட்டரை வெளியே வைத்துக் கயிற்றை இழுத்தேன். ஏழாவது இழுப்பில் கிளம்பியது. சத்தம் கேட்டதுதான் தாமதம், மாடி வீட்டுக்காரர் மூன்று செல்போனோடு இறங்கி வந்தார், எதிர்வீட்டு அம்மா மிக்ஸியைத் தூக்கிக்கொண்டு "ஒரே ஒரு சுத்துதாங்க" என்று வந்து மாட்டினார், நான் ரம்பத்தின் விசையை அழுத்தினேன், அது முனகியது, சிவப்பு விளக்கு எரிந்தது, எல்லாம் அடங்கிவிட்டது. மாடி வீட்டுக்காரர் தலையை ஆட்டி, "உங்க தம்பி சொன்னது சரிதான் மேடம்" என்றார். "அவன் சொன்னது உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்றேன். "நேத்து நீங்க போன்ல கத்தினது மாடி வரைக்கும் கேட்டுதே!"

அங்கேதான் எனக்கு ரோஷம் வந்தது. எல்லாருடைய வயரையும் பிடுங்கினேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு கையேட்டை வரிவரியாகப் படித்தேன். பெட்ரோலை மிச்சம் பிடிக்க ஒரு விசை இருக்கிறது. அது போட்டிருந்தால் எஞ்சின் அரைத்தூக்கத்தில்தான் ஓடுமாம். நீ சொன்னாயா? அதை அணைத்தேன். நீள வயரைத் தூக்கிப் போட்டுவிட்டு நேராக ஜெனரேட்டரிலேயே ரம்பத்தை மாட்டினேன். முதலில் வெறுமனே சுற்றவிட்டு, முழு வேகம் வந்த பிறகு மெல்ல பலகையில் இறக்கினேன். மறுபடி முனகல். "முனகினா முனகு, அறுத்துட்டு முனகு"ன்னேன். இழுத்துதுடா! நடுவுல நாலு தடவை நின்னுது, நின்னா என்ன, நானும் நின்னு தண்ணி குடிச்சேன். ஜெனரேட்டர் வேற அதிர்ந்து அதிர்ந்து பூந்தொட்டி வரைக்கும் நடந்தே போயிடுச்சு, புடிச்சு இழுத்துட்டு வந்து ரெண்டு பக்கமும் செங்கல்ல முட்டுக் குடுத்தேன். பதினோரு பலகை! அறுத்து, துளை போட்டு, ஸ்க்ரூ முடுக்கி, வாசலிலிருந்து கேட் வரைக்கும் சாய்தளம் ரெடி. மாடி வீட்டுக்காரர் ஏறிக் குதிச்சுப் பார்த்தார். எண்பத்தஞ்சு கிலோ ஆளு. அசையலை.

ஆகவே ஞாயிற்றுக்கிழமை நீ வந்து சிரமப்பட வேண்டாம். வேறு எந்தக் கிழமையும் வேண்டாம். உன் மனைவிக்கு என் அன்பு. பிள்ளைகள் நீண்ட ஆயுளோடு இருக்கட்டும். உனக்கு அக்கா பேச்சில் நம்பிக்கை உண்டாகட்டும்.

இப்படிக்கு,
யார் தயவும் தேவைப்படாத உன் அக்கா

பின்குறிப்பு: ஒரு சின்ன விஷயம். நம் வாசற்கதவு வெளிப்பக்கம் திறப்பது என்பது உனக்கு ஞாபகம் இருக்கும். எனக்கு இருக்கவில்லை. சாத்தும்போது பலகையில் உரசியது. உன்னைத் திட்டிக்கொண்டே பலமாக இழுத்தேன், சாத்திக்கொண்டது. இப்போது திறக்கமாட்டேன் என்கிறது. நான் உள்ளே. ரம்பம், ஸ்க்ரூ டிரைவர், சார்ஜ் ஏறிக்கொண்டிருக்கும் என் செல்போன் எல்லாம் வெளியே. மாடி வீட்டுக்காரரிடம் காற்றுக்காக ஜன்னலில் நிற்பதாகச் சொல்லியிருக்கிறேன். உன் கடைப்பக்கம் போகிறாராம்; இதை நன்றாக ஒட்டி, கம்பி வழியாக அவரிடம் கொடுத்தனுப்புகிறேன். யார் கேட்டாலும் அக்காவைச் சும்மா பார்க்க வந்தேன் என்று சொல். இன்னிக்கே வாடா. சாய்தளத்தில் பயப்படாமல் ஏறி வா, தாங்கும்.