தடை கேட்ட விரிசலம்மா

பாலம் என்பது இரண்டு கரைகளை இணைப்பதற்காகப் பொதுப்பணத்தில் கட்டப்பட்டு, பிறகு தன் சொந்த முயற்சியில் இடிந்து விழும் ஒரு பொதுச்சொத்து. இதை நன்றாகத் தெரிந்து வைத்திருந்தவள் நகராட்சிப் பொறியாளர் ஒருத்தி. எந்தச் சுவரைப் பார்த்தாலும் அவள் கண்ணில் முதலில் விரிசல்தான் படும். அதனால் ஆபீசில் அவளுக்கு விரிசலம்மா என்று பெயர். பள்ளிக்கூடத்துக்கும் கடைத்தெருவுக்கும் நடுவே வாய்க்கால் மேல் ஒரு நடைபாலம் உண்டு. அதன் அடிப்பக்கத்தில் கை நுழைகிற அளவுக்கு ஒரு விரிசலைப் பார்த்தாள். நிமிர்ந்தால், மேலே பிள்ளைகள் திங்கு திங்கென்று குதித்துக்கொண்டு போகிறார்கள்.

நேரே மேலதிகாரியிடம் ஓடினாள்.

"சார், பாலத்தை உடனே மூடணும். ரெண்டு பக்கமும் தடுப்பு வைக்கணும்."

"விரிசல்ங்கறது உங்க அபிப்பிராயம்மா. பாலம் விழுந்தாத்தான் அது தகவல். அபிப்பிராயத்துக்கெல்லாம் தடுப்பு வைக்க இந்த ஆபீஸ்ல வழியில்லை."

"விழுந்த பிறகு தடுப்பு எதுக்கு சார்?"

"வேடிக்கை பார்க்க வர்ற கூட்டத்தைத் தடுக்க" என்றார். அனுபவசாலி அவர்.

சரி, ஊருக்குச் சொன்னால் ஊராவது கேட்கும் என்று பத்திரிகை ஆபீசுக்குப் போனாள். தலையில் முக்காட்டோடு அவள் உள்ளே நுழைந்ததும் நிருபர் நாற்காலியை விட்டே எழுந்துவிட்டார். ஆசிரியர் கண்ணாடி அறைக்குள்ளிருந்து வெளியே வந்தார். ஒரு பாலத்தின்மேல் இவர்களுக்கு இத்தனை அக்கறையா என்று அவளுக்கு ஒரே நெகிழ்ச்சி. பாவம், எழுந்து நின்றது முக்காட்டுக்கு என்று அவளுக்கு எப்படித் தெரியும்?

அந்தப் பத்திரிகையில் முஸ்லிம் பெண்களுக்கு இரண்டு இடம் ஒதுக்கியிருந்தார்கள். ஒன்று கண்ணீர், இன்னொன்று சாதனை. அழுதால் முதல் பக்கம், சாதித்தால் கடைசிப் பக்கம். அழாமலும் சாதிக்காமலும் பல்வலி, பஸ் கட்டணம், பாலம் என்று பேசுகிறவள் ஒருத்தி வருவாள் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை. எதிர்பாராததற்கு எப்படி இடம் ஒதுக்குவது?

"சொல்லுங்கம்மா, யார் உங்களைக் கொடுமைப்படுத்தறது?" என்று நிருபர் குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"யாரும் இல்லீங்க. பாலம்..."

"பயப்படாதீங்க. பேரை மாத்திப் போட்டுடறோம்."

"பாலத்தோட பேரையா?"

ஆசிரியர் அவள் முகத்தை உற்றுப் பார்த்தார். கண்கள் காய்ந்து கிடந்தன. "கண்ணீர் தேறாதுப்பா. சாதனையில தள்ளு" என்றார்.

நிருபர் புதுத் தாள் எடுத்தார். "எந்தெந்தத் தடையைத் தாண்டி இந்த நிலைமைக்கு வந்தீங்க?"

"ஐயோ, தடையே இல்லீங்க. அதுதானே என் பிரச்சனையே! உடனே ஒரு தடை போடுங்க, பிள்ளைங்க விழுந்துடும்னு சொல்லத்தான் வந்திருக்கேன்."

"தடை!" என்று ஆசிரியர் துள்ளினார். மீதி வாக்கியம் அவர் காதில் விழவில்லை. வேண்டிய வார்த்தை கிடைத்த பிறகு மற்றதைக் கேட்பது அந்தத் தொழிலில் வழக்கமில்லை.

மறுநாள் நிருபர் அவள் வீட்டுக்கே வந்து, மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கும் அவள் கணவரைப் பிடித்துக்கொண்டார்.

"இவங்க வேலைக்குப் போறதை நீங்க தடுக்கலையா?"

"காலையில எழுப்பி விடறதே நான்தானே?"

"ஒரு நாள்கூடவா? நல்லா யோசிச்சுச் சொல்லுங்க."

மனுஷர் நல்லவர், வீட்டுக்கு வந்தவரை வெறுங்கையோடு அனுப்ப மனசில்லை. "ஒரு தடவை குடை எடுக்காம கிளம்பினா. மழை கொட்டுது. வாசல்ல மறிச்சு, குடை எடுத்துக்கிட்டுப் போன்னு சொன்னேன்."

நிருபர் அதில் பாதியை எழுதிக்கொண்டார். புகைப்படக்காரர் அவளை ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு தூரத்தில் பார்க்கச் சொன்னார்.

"தூரத்துல என்னங்க இருக்கு?"

"விடியல்."

"இது மேற்குப் பக்கத்து ஜன்னலாச்சே."

"சிரிக்காதீங்கம்மா, படம் கெட்டுடும்."

ஞாயிற்றுக்கிழமை வந்தது கட்டுரை. தலைப்பு: தடைகளை உடைத்த தங்கத்தாரகை! கொட்டும் மழையிலும் வாசலில் மறித்த கணவர் அதில் இருந்தார். கம்பிகளுக்குப் பின்னால் விடியலுக்கு ஏங்கும் விழிகள் இருந்தன. கடைசி வரியில் பாலமும் இருந்தது: "பள்ளி அருகே உள்ள பாலத்தைப் பற்றிக் கவலைப்படுவது இவரது பொழுதுபோக்கு."

கணவருக்குக் கடைத்தெருவில் தலைகாட்ட முடியவில்லை. அவளுக்கு அழுகையும் ஆத்திரமுமாக வந்தது. இனி யாரையும் கேட்டுப் பயனில்லை என்று, வேலை போனாலும் போகட்டுமென்று, கிடங்கிலிருந்த இரும்புத் தடுப்பை ஆள் வைத்துத் தூக்கிப்போய்ப் பாலத்தின் வாயிலில் தானே நிறுத்தினாள்.

அதற்குள் மேலதிகாரியும் கட்டுரையைப் படித்துவிட்டார். "நம்ம ஆபீஸ்ல இப்படி ஒரு தாரகையா! உடனே பாராட்டு விழா வைக்கணும். எங்க வைக்கலாம்? அவங்களுக்குத்தான் அந்தப் பாலம் உயிராச்சே, அங்கேயே வைச்சுடலாம்" என்றார். கோரிக்கை வைக்காமலே ஒரு காரியம் அந்த ஆபீசில் நடந்தது அதுதான் முதல் முறை. பாலத்தின் மேல் பந்தல் போட்டு மேடை அமைத்தார்கள். பூச்செண்டு கொடுக்கப் பள்ளிப்பிள்ளைகளை வரிசையாகக் கூட்டிவந்தார்கள். தடுப்பை மட்டும் யாரும் தொடவில்லை. அதுவும் அலங்காரம் என்றே நினைத்தார்கள்.

சேதி கேட்டு அவள் மூச்சிரைக்க ஓடிவந்தபோது, விழாவுக்குத் தலைமை தாங்க வந்த நகராட்சித் தலைவர் தடுப்பின் முன்னால் நின்று ரசித்துக்கொண்டிருந்தார்.

"ஆகா! உடைக்கிறதுக்குன்னே அடையாளமா ஒரு தடை வச்சிருக்காங்களே! யாருய்யா யோசனை?"

"என்னோட யோசனைதான் சார்" என்றார் மேலதிகாரி, கூசாமல்.

"ஐயா, ஏறாதீங்க! தாங்காது!" என்று அவள் அலறினாள்.

"பாருங்க, என்ன அடக்கம்! இத்தனை பாராட்டைத் தாங்காதுன்னு சொல்றாங்க" என்று தலைவர் தடுப்பை எட்டி உதைத்தார். கைதட்டல் வானைப் பிளந்தது. தலைவர், மேலதிகாரி, ஆசிரியர், நிருபர், மாலைகள் என்று எல்லாம் மேலேறின. அவள் பிள்ளைகள் பக்கம் திரும்பி, "ஒருத்தரும் நகரக்கூடாது! அடி பின்னிடுவேன்!" என்று போட்ட சத்தத்தில் வரிசை கரையிலேயே நின்றது. முன்னால் நின்ற ஒரு சிறுமி மட்டும் பூச்செண்டோடு ஓடிவிட்டாள். அவளைப் பிடிக்க விரிசலம்மா பாய்ந்தாள். கை எட்டவில்லை.

பாலம் அபிப்பிராயத்திலிருந்து தகவலாக மாறியது.

வாய்க்காலில் சாக்கடைதான், ஆழமில்லை. பெரியவர்கள் நாற்றத்தோடு தப்பித்தார்கள். சிறுமிக்குக் கை முறிந்தது.

மறுநாள் முதல் பக்கத்தில் ஒரு கேள்விக்குறி. "தடைகளை உடைத்தவர் பாலத்தையும் உடைத்தாரா?" பாலம் விழும் என்று இவருக்கு முன்கூட்டியே தெரிந்தது எப்படி? பிள்ளைகளை மட்டும் தடுத்து நிறுத்தியது ஏன்? பத்திரிகையில் மூன்றாவதாக ஓர் இடம் ஒதுக்கப்பட்டுவிட்டது. தொலைக்காட்சியில் விவாதம் வைத்தார்கள். ஒருவர் அவளைக் கைது செய்யச் சொன்னார். அவள் பக்கம் பேச வந்தவர், "பாவம், அவங்களுக்கா இதெல்லாம் தெரியும்? வீட்டு ஆம்பளைங்க யாராவது சொல்லிக் குடுத்திருப்பாங்க" என்று பரிந்து பேசினார். பிறகு எல்லோருமாக முக்காடு வேண்டுமா வேண்டாமா என்று பேசிக் களைத்தார்கள். சிமெண்டைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை. பாலம் கட்டிய ஒப்பந்தக்காரருக்கே புதுப் பாலமும் போயிற்று.

விசாரணைக்குப் போய்வந்த கையோடு அவள் ஆஸ்பத்திரிக்குப் போனாள். சிறுமி கட்டுப்போட்ட கையோடு தூங்கிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் அவள் அம்மா. இவளைப் போலவே முக்காடு போட்டவள், இவளைப் போலவே அழுது கண் வீங்கியவள். இவளைக் கண்டதும் அடையாளம் தெரிந்து கையைப் பிடித்துக்கொண்டாள்.

"உங்க கட்டுரையை வெட்டி வீட்டுச் சுவர்ல ஒட்டி வச்சிருக்கேன்க்கா. இவளை உங்களை மாதிரி ஆகணும்னு தினமும் அதைப் படிக்க வைப்பேன். ஆனா ஒண்ணு கேட்கறேன், கோவிச்சுக்காதீங்க. இவ்வளவு படிச்சவங்க நீங்க. அந்தப் பாலத்தைப் பத்தி முன்னாடியே எங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?"