சூப்பர்வைசர் கோழிக்கு இரண்டு இடதுகால் ஷூ

அன்பில் பெரியவரும், கோபத்தில் அதைவிடப் பெரியவருமான என் அண்ணன் முஜாஹித் அவர்களுக்கு மேல்விஷாரத்திலிருந்து தங்கை மஹ்பூபி எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் கிருபையால் இங்கே நான் சுகம். கோழிகளில் சிலது சுகம், சிலது சுமார். அங்கே உங்கள் சர்க்கரையும் அண்ணியின் முட்டிவலியும் கம்மியாக இருக்க துஆ செய்கிறேன்.

இதைப் போனில் சொல்லாமல் காகிதத்தில் எழுதுவதற்குக் காரணம், போனில் நான் "அண்ணா" என்று ஆரம்பித்தாலே மீதியை நீங்கள் பேசி முடித்துவிடுகிறீர்கள். காகிதத்தில் குறுக்கே பேச முடியாது. அஞ்சாம் வகுப்போடு நின்ற கையெழுத்து, பொறுத்துக்கொண்டு படிக்கவும். இங்கே காலேஜ் ஹாஸ்டலில் இருக்கிற உங்கள் மகள் சைரா சனிக்கிழமை வரும்போது இதைக் கொண்டுவருவாள். கூடவே ஆற்காடு மக்கன் பேடாவும் அனுப்பியிருக்கிறேன். சர்க்கரை இருக்கிறவனுக்கு எதற்குப் பேடா என்று கோபிக்க வேண்டாம். அது அண்ணிக்கு. நீங்கள் பார்த்துக்கொண்டிருங்கள்.

விஷயம் இதுதான். என் வீட்டுக்காரர் கண்ணை மூடி மவுத்தானதிலிருந்து, நாலு மாசம் பத்து நாள் கணக்குக்கு, வெளி ஆண்கள் முகம் பார்க்காமல் நான் வீட்டுக்குள்ளேயே இத்தா இருக்கிறேன். அது முடிகிற அன்றைக்கே காரோடு வந்து என்னை ஆம்பூருக்குக் கூட்டிப்போவதாகச் சொன்னீர்கள். சந்தோஷம். "கோழிங்களை இன்னாண்ணா பண்றது?" என்று கேட்டதற்கு, "இன்னா பண்றது, அறுத்து பிரியாணி போட்டு தெருவுக்குக் குடுத்துட்டு வா. வீடா வெச்சிருக்கே நீ? அமிர்தி ஜூ வெச்சிருக்கே" என்றீர்களே, அதற்குத்தான் இந்தப் பதில். ஆம்பூர்க்காரர் வாயில் கோழி பிரியாணி வரலாமா அண்ணா? அங்கே அண்டா கழுவுகிறவன்கூடச் சிரிப்பான். எனக்குத் தெரியும், சின்ன வயசில் பக்கத்து வீட்டு அடைக்கோழி துரத்தி, நீங்கள் தண்ணீர்த்தொட்டி மேல் ஏறி நின்று அம்மாவைக் கூப்பிட்டு அழுததை நீங்கள் இன்னும் மறக்கவில்லை. அந்த ஒரு கோழிக்காக இத்தனை வருஷமாகக் கண்ணில் படுகிற கோழியையெல்லாம் தின்று தீர்க்கிறீர்கள். என் கோழிகள் அதற்கு உறவுமுறை கிடையாது.

இதெல்லாம் உங்கள் மச்சான் பொறுக்கிக் கொண்டுவந்தவை. ஷூ கம்பெனி விட்டு பைபாஸில் வரும்போது, கறிக்கோழி லாரியிலிருந்து எது விழுந்து கிடந்தாலும் ஸ்கூட்டரை நிறுத்திவிடுவார். டிபன் பாக்ஸைக் கழுவலாம் என்று நான் பையைத் திறந்தால் உள்ளேயிருந்து ஒரு தலை எட்டிப் பார்க்கும். "விருந்தாளி வந்திருக்கு, கத்தாதே" என்பார். கம்பெனி ஞாபகமாகவே பெயரும் வைத்தார். ஒரு வேலையும் செய்யாமல் எல்லாரையும் முறைத்துப் பார்க்கிற வெள்ளைப் பெட்டைக்கு சூப்பர்வைசர். நேரம் காலம் இல்லாமல் கூவுகிற சேவலுக்கு சைரன். சூப்பர்வைசருக்கு லாரியிலிருந்து விழுந்ததில் கால் விரலெல்லாம் உள்பக்கமாகச் சுருண்டுவிட்டது. கட்டிங் செக்‌ஷனில் கழித்துப்போட்ட லைனிங் தோலைக் கேட்டு வாங்கிவந்து, இரண்டு காலுக்கும் அவரே ஷூ தைத்துப் போட்டார். அதைப் போட்டுக்கொண்டு அது வெளிநாடு கிளம்புகிற மாதிரி நடந்தது.

அவர் போன பிறகு அந்த ஷூ பிய்ந்துபோனது. மிச்சமிருந்த தோலை எடுத்து நானே தைத்தேன். ஊசியும் தெரியவில்லை, நூலும் தெரியவில்லை, கண் பூராவும் தண்ணீர். போட்டுப் பார்த்தால் இரண்டுமே இடதுகால் ஷூ. சூப்பர்வைசர் நேராகப் போக நினைக்கிறது, வட்டமாகப் போகிறது. தண்ணீர்க் கிண்ணத்துக்குக் கிளம்பி என் தொழுகைப் பாய்க்கு வந்து சேர்ந்து, வந்ததற்கு நான்தான் காரணம் என்பதுபோல என்னை முறைத்தது. அவர் போன பிறகு அன்றைக்குத்தான் முதலில் சிரித்தேன். என் நாத்தனார் ஹலீமா பீ அடுப்படியிலிருந்து ஓடிவந்து, "இன்னா ஆச்சு மஹ்பூபி, உடம்பு எதனா சரியில்லையா?" என்று நெற்றியைத் தொட்டுப் பார்த்தார்.

அந்தப் பேஜார் தீருவதற்குள் சைரனுக்குச் சளி. முகம் ஒரு பக்கம் வீங்கி, மூச்சு விசில் அடிக்கிறது. நான் வெளியே போக முடியாது, வெளி ஆண்கள் உள்ளே வர முடியாது. ஹலீமா பீதான் மாட்டு டாக்டர் அன்பரசனை வாசல்வரை கூட்டிவந்தார். திரைக்கு அந்தப் பக்கம் டாக்டர், இந்தப் பக்கம் நான், நடுவில் நாற்காலி போட்டு ஹலீமா பீ. டாக்டர் பேசுவது எனக்கு நன்றாகவே கேட்கிறது. இருந்தாலும் அவர் தமிழில் கேட்பதை ஹலீமா பீ இன்னொரு தரம் தமிழில் எனக்குச் சொல்கிறார்.

"தீனி எடுக்குதா?"

"தீனி எடுக்குதான்னு கேக்கறார்மா."

"எடுக்கலை."

"எடுக்கலையாம் டாக்டர்."

"எச்சம் எப்படிப் போவுது?"

ஹலீமா பீ தொண்டையைக் கனைத்துக்கொண்டு, "அதெல்லாம் மரியாதையாத்தான் போவுது" என்று என்னைக் கேட்காமலே முடித்துவிட்டார்.

திரைக்கு அடியில் சைரனை நீட்டினேன். டாக்டர் ஊசி போட்டுவிட்டு, "இதைத் தனி ரூம்ல வைங்க. வெளிய விடாதீங்க. பெட்டைங்களை கிட்ட சேர்க்காதீங்க. நான் சொல்ற வரைக்கும் அது யார் மூஞ்சியையும் பார்க்க வேணாம்" என்றார். ஹலீமா பீ சேவலையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு, "இதுக்குமா இத்தா?" என்றார். டாக்டர் சிரிப்பை அடக்க இருமினார். சைரனும் பதிலுக்கு இருமியது.

இப்போது நானும் சைரனும் ஒரே அறையில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு இருக்கிறோம். இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். சாயங்காலம் கம்பெனி விடுகிற நேரத்தில் தெருவில் எந்த ஸ்கூட்டர் திரும்பினாலும், எல்லாக் கோழியும் கதவண்டை ஓடிப்போய் நிற்கிறது. சூப்பர்வைசர் வட்டம் போட்டாவது வந்து சேர்ந்துவிடும். வண்டி தாண்டிப் போனதும் இன்னும் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுத் திரும்பும். நானும்தான் நிற்கிறேன். இதுங்களையா அண்ணா அறுக்கச் சொல்றீங்க?

அதனால் நீங்கள் வாருங்கள், கத்தி வேண்டாம். ஆட்டுக்கறியில் பிரியாணி போடுகிறேன், வயிறார சாப்பிடுங்கள், கார் வந்தபடியே திரும்பட்டும். வேளாவேளைக்கு மருந்து ஊற்ற வேண்டும், ஷூவைக் கழற்றிக் கால் பிடித்துவிட வேண்டும். இத்தனை நோயாளிகளை விட்டுவிட்டு நான் எப்படி வருவேன்? முதலில் இதெல்லாம் குணமாகட்டும், அப்புறம் பேசலாம்.

அண்ணிக்கு என் சலாம். உங்கள் வீட்டில் பரக்கத்தும் உங்கள் வாய்க்குப் பொறுமையும் அல்லாஹ் ஜாஸ்தி தரட்டும்.

இப்படிக்கு,
உங்கள் சொல்லைத் தட்டாத தங்கை
மஹ்பூபி

பி.கு.: சைரா வாயில் எதுவும் நிற்காது, அதனால் நானே சொல்லிவிடுகிறேன். சைரனுக்கு எப்போதோ குணமாகிவிட்டது. சூப்பர்வைசருக்கும் விரல் நிமிர்ந்துவிட்டது, ஷூ இல்லாமல் நேராக நடக்கிறது, ஸ்கூட்டர் சத்தத்துக்கு இப்போது அதுதான் முதல் ஆள். "இனிமே இதுங்களுக்கு வைத்தியம் தேவையில்லைம்மா. நீங்க ஊருக்குப் போறதானா நானே எடுத்துட்டுப் போறேன், அறுக்க மாட்டேன்" என்று டாக்டர் திரைக்கு வெளியே நின்று சொன்னார். எல்லாவற்றையும் திருப்பிச் சொல்கிற ஹலீமா பீ அதை மட்டும் எனக்குத் திருப்பிச் சொல்லவில்லை. நானும் காதில் விழாத மாதிரி இருந்துவிட்டேன். ஆம்பூரில் நீங்களும் அண்ணியும் என்னை நன்றாகத்தான் பார்த்துக்கொள்வீர்கள், தெரியும். ஆனால் சாயங்காலம் ஸ்கூட்டர் சத்தம் கேட்டு நான் எழுந்து நின்றால், அங்கே என்கூட யார் அண்ணா எழுந்து நிற்பார்கள்?

பேடாவில் நீங்களும் ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்றுதான்.