நாற்பத்தொரு பட்டாம்பூச்சிகள் குறித்து அத்தைக்கு ஒரு விளக்கம்

அன்பும் மதிப்பும் நிறைந்த அத்தைக்கு,

உங்கள் அண்ணன் மகள் பணிவுடன் எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் நலம். என் அறைக்குள் குடிவந்திருக்கும் சாப்பாட்டு மேசையும் நலம். அங்கே நீங்களும், உங்களிடம் நடை பழக வருகிறவர்களும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். அம்மாவின் நலத்தை மட்டும் ஒரு வரியில் எழுத முடியவில்லை. அதனால்தான் இந்தக் கடிதம். போனில் சொல்லியிருக்கலாம். ஆனால் எங்கள் வீட்டில் ஒருவர் போன் பேசினால் மூன்று அறைக்கும் கேட்கும். நான் சொல்லப்போவதோ அப்பாவைப் பற்றிய புகார்.

நேற்று முன்தினம் நீங்கள் அப்பாவை அழைத்து, "அண்ணி பட்டாம்பூச்சி விளையாட்டுல நாப்பத்தொண்ணு பிடிச்சிருக்காங்கண்ணா. போன மாசம் பதினொண்ணுதான். இன்னும் பத்து நாள்ல டாக்டருக்கு ரிப்போர்ட் அனுப்பணும், மருந்துக் கடை வேலைக்குத் திரும்பப் போகலாம்னு எழுதிடவா?" என்று கேட்டீர்கள். அம்மா அதைக் கேட்டதும், பதினான்கு மாதமாகப் பீரோவில் தொங்கிக்கொண்டிருந்த வெள்ளைக் கோட்டை எடுத்து இஸ்திரி போட்டாள். உட்கார்ந்துதான் போட்டாள், ஆனால் பாடிக்கொண்டே போட்டாள். அந்தப் பாட்டைக் கேட்டதிலிருந்து எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. ஏனென்றால் அத்தை, அந்த நாற்பத்தொன்று அம்மாவுடையது அல்ல. அதை நம்பி நீங்கள் எழுதி, அம்மா கவுன்ட்டரில் எட்டு மணி நேரம் நின்று, கால் மடங்கி விழுந்தால், தெரிந்தும் வாய் மூடியிருந்த நானும் அதற்குப் பொறுப்பு.

முதலிலிருந்து சொல்கிறேன். அம்மாவுக்கு மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் என்று டாக்டர் சொன்ன வாரமே நான் நூலகத்தில் இரண்டு புத்தகங்களும் ஒரு கலைக்களஞ்சியத் தொகுதியும் படித்துவிட்டேன். நரம்பின் மேலுறை அங்கங்கே சிதைந்துபோவதால் மூளை அனுப்பும் செய்தி காலுக்குத் தாமதமாகப் போய்ச் சேர்கிறது என்று அவற்றில் இருந்தது. அம்மா அதைவிட நன்றாகச் சொல்வாள்: "நான் வலது காலைக் கூப்பிட்டா, இதோ வரேன்னு சொல்லிட்டு அது உக்காந்திருக்கு." ஆகவே நீங்கள் உங்கள் பிசியோதெரபி நிலையத்திலிருந்து, மாட்டினால் தோட்டமும் ஆறும் கண்முன் தெரிகிற அந்த வி.ஆர். கண்ணாடியை எட்டு வாரத்துக்கு இரவல் அனுப்பியபோது அதன் விதிகளை நான்தான் உரக்கப் படித்தேன். இரண்டுக்கு இரண்டு மீட்டர் இடம் காலியாக இருக்க வேண்டும், பயிற்சி செய்பவர் தனியாக இருக்கக் கூடாது. எங்கள் கூடமே மூன்று மீட்டர்தான் என்பதால் சாப்பாட்டு மேசை என் அறைக்கு வந்தது. இப்போது நான் அதன் மேல் படித்து, அதன் கீழ் தூங்குகிறேன்.

முதல் நாள் அம்மா கண்ணாடியை மாட்டிக்கொண்டு, "அடேயப்பா, என்ன பெரிய தோட்டம்" என்றாள். அம்மா விழுந்தால் பிடிக்க வேண்டுமென்று அப்பா இரண்டு கையையும் விரித்துக்கொண்டு எதிரிலேயே நின்றார். அம்மா மெதுவாகக் கையை நீட்டி ஒன்றைப் பிடித்தாள். அது அப்பாவின் மீசை.

"விடும்மா, விடு."

"இருங்க, இது பெரிசா இருக்கு."

"அது நான்தான்."

"பேசாதீங்க, பறந்துடும்."

அந்தப் பட்டாம்பூச்சி கணக்கில் சேரவில்லை. அன்றிலிருந்து அப்பா காவல் காத்தால் பின்னால் நின்றுதான். இரண்டாவது வாரம், மாடியில் யாரோ குதிக்கிறார்கள் என்று சண்டை போட ஹவுஸ் ஓனர் மாமா ஏறி வந்தார். அம்மா நாற்காலியைக் காட்டி உட்காரச் சொல்லி, கண்ணாடியை அவர் தலையில் மாட்டி, படகுப் பயிற்சியைப் போட்டுவிட்டாள். முக்கால் மணி நேரம் அவர் கழற்றவில்லை. மாமி கீழிருந்து கூப்பிட்டுக் கூப்பிட்டுத் தொண்டை கட்டி, கடைசியில் நேரிலேயே வந்து தோளைப் பிடித்து உலுக்கினார். "கொஞ்சம் இருடி, படகு கரைக்கு வரட்டும்" என்றார் மாமா. அன்றைய படகுக் கணக்கில் மூன்று சுற்று அவருடையவை. அவற்றையும் நீங்கள் கழித்துக்கொள்ள வேண்டும்.

தினமும் மாலை நான் பள்ளிவிட்டு வந்ததும் அம்மாவின் பயிற்சிக்கு நான்தான் துணை. சும்மா நிற்பதில்லை, நோட்டு போட்டிருக்கிறேன். பிடித்தது, தவறவிட்டது, நாற்காலியைப் பற்றிக்கொண்டது, எந்தக் கால் தயங்கியது என்று நான்கு கட்டங்கள். அம்மாவுக்குக் கண்ணாடிக்குள் இருந்தால் இதெல்லாம் தெரியாதே என்று அவ்வப்போது சொல்லிக்கொண்டும் இருப்பேன். "அம்மா, பதினாலாவது நழுவிடுச்சு. இடது கை ரெண்டு செகண்டு லேட்." அம்மா, "எழுதிக்கோடி, எழுதிக்கோ" என்பாள். எங்கள் வீடு மொட்டை மாடிக்கு நேர் கீழே இருப்பதால் அந்த நேரத்தில் சுவரைத் தொட்டாலே சுடும். ஆறு வாரமாக ஒரு நாள்கூட விடாமல் எழுதிய என் நோட்டில் அம்மாவின் மிக உயர்ந்த எண் பதினேழு. பிறகு நாற்பத்தொன்று எங்கிருந்து வந்தது?

உங்களுக்குத் தானாக வந்துசேரும் அந்தப் பதிவுப் பட்டியலைக் கண்ணாடியில் திறந்து பார்த்தேன். மாலைப் பதிவுகளோடு, யாருக்கும் தெரியாமல் ஒன்பது பதிவுகள் இருந்தன. எல்லாம் காலை ஐந்தேகால், ஐந்தரை மணி. அந்த நேரத்தில் அம்மா தூங்குவாள். நான் தூங்குவது எப்படி என்று உங்களுக்கே தெரியும், மேசை தலையில் விழுந்தாலும் எழுந்திருக்க மாட்டேன். முதல் பஸ் ஓட்டுவதால் ஐந்து மணிக்கு எழுந்திருப்பவர் எங்கள் வீட்டில் ஒருவர்தான்.

சந்தேகத்தை வைத்து ஒருவரைக் குற்றம் சொல்லக் கூடாது என்று ஞாயிற்றுக்கிழமை வரை காத்திருந்தேன். மத்தியானம் அம்மா தூங்கிய பிறகு நூலகத்துக்குப் போவதாகச் சொல்லிவிட்டுப் பாதியில் திரும்பி வந்தேன். கூடத்தில் அப்பா கண்ணாடியோடு நின்றிருந்தார். முழங்காலை மடித்து, பஸ் ஸ்டீயரிங்கைப் பிடிப்பதுபோல் கைகளை வைத்துக்கொண்டு, "வா, வா, வா" என்று ஜன்னல் திரையை அழைத்துக்கொண்டிருந்தார். நான் "அப்பா" என்றதும் திரும்பினார். திரையும் கம்பியோடு அவர் தோளில் வந்து சேர்ந்தது.

"அம்மாவுக்கு எவ்வளவு கஷ்டமா இருக்கும்னு பார்த்தேன்டி."

"காலைல அஞ்சேகாலுக்கும் அதைத்தான் பார்த்தீங்களா? அந்த நாப்பத்தொண்ணு நீங்கதானே?"

அப்பா திரையை மடித்தார். மடித்ததைப் பிரித்து மறுபடி மடித்தார். உள்ளறையை ஒரு தடவை பார்த்தார். பிறகு, "ஆமான்னு வெச்சுக்கோயேன்" என்றார்.

நானும் அப்படியே வைத்துக்கொண்டேன். அத்தை, அப்பாவை அதிகம் திட்ட வேண்டாம். அம்மா சந்தோஷப்படட்டும் என்றுதான் செய்திருப்பார். ஆனால் தயவுசெய்து ரிப்போர்ட்டில் பதினேழு என்றே எழுதுங்கள், வேலைக்குப் போகலாம் என்று எழுதாதீர்கள். வெள்ளைக் கோட்டை மறுபடி பீரோவில் மாட்டச் சொல்லி அம்மாவிடம் எப்படிப் பேசுவது என்பதையும் நீங்களே எழுதி அனுப்பினால் நல்லது. இரண்டு நாளாக வார்த்தை தேடுகிறேன், கிடைக்கவில்லை. மாமாவுக்கு என் வணக்கம். குட்டிக்கு முத்தம். உங்கள் கை பட்டவர்கள் எல்லாரும் நேராக நடக்கட்டும்.

இப்படிக்கு,
உண்மையை மறைக்க விரும்பாத
உங்கள் மருமகள்

பின்குறிப்பு: மேலே எழுதியதில் முதல் வரியைத் தவிர வேறெதையும் நம்ப வேண்டாம். எழுத்துப் பிழை பார்க்க அகராதியை எடுக்கப் போன நேரத்தில் அம்மா இதை முழுவதும் படித்துவிட்டாள். சிரித்துச் சிரித்து நாற்காலியைப் பிடித்துக்கொண்டாள். (இதை நோட்டில் எழுதவில்லை.) "நாப்பத்தொண்ணு நான்தான்டி" என்றாள். காலையில் குளிர்ச்சியாக இருக்கும்போது கால் கூப்பிட்டதும் வருகிறதாம். வெயில் ஏறிய வீட்டில், சாயங்காலக் களைப்பில், வருவதில்லையாம். "அதோட நீ நோட்டும் கையுமா நின்னா, வர்ற காலும் பயந்து நின்னுடுது." அப்பாவுக்கு இது ஆரம்பத்திலிருந்தே தெரியும். தினமும் சமையலறை வாசலில் மூச்சு விடாமல் காவல் நின்றிருக்கிறார். எனக்குச் சொல்லக் கூடாது என்று அம்மா சத்தியம் வாங்கியிருக்கிறாள்.

ஆதாரமில்லாமல் நான் நம்புவதில்லை என்பதால் இன்று காலை என்னை எழுப்பச் சொல்லியிருந்தேன். இரண்டு பேரும் சேர்ந்து காலைப் பிடித்து மேசைக்கு வெளியே இழுத்தார்கள். நோட்டு இல்லாமல் அப்பாவுக்குப் பக்கத்தில் நின்று பார்த்தேன். முப்பத்தெட்டு. நாற்காலியை ஒரே ஒரு தடவைதான் தொட்டாள். அதை நான் சொல்லவும் இல்லை.

அதனால் அத்தை, காலையில் நாற்பத்தொன்றும் அம்மாதான், மாலையில் பதினேழும் அம்மாதான். இரண்டையும் ரிப்போர்ட்டில் எழுதுங்கள், என் நோட்டையும் சேர்த்து அனுப்புகிறேன். "முழு நாள் என்னால ஆகாது, அது எனக்கே தெரியும்" என்று அம்மா சொல்லச் சொன்னாள். எட்டு மணியிலிருந்து பன்னிரண்டு வரை, கவுன்ட்டருக்குப் பின்னால் ஒரு ஸ்டூல். டாக்டர் சரியென்றால் மருந்துக் கடை முதலாளியிடம் அம்மாவே பேசிக்கொள்வாளாம். நாங்கள் இருவரும் கூட வரக் கூடாதாம்.